எட்டுப் பாகம் ஆழமுள்ள அறை

முள்ளக்காட்டில் ஜெனோ கட்டிய வீட்டின் நடு அறை, மாசி பங்குனி மாதங்களில் எட்டுப் பாகம் ஆழமாக இருந்தது. மற்ற மாதங்களில் அது எல்லா வீட்டிலும் உள்ளதுபோல ஓர் அறைதான். சிவப்புப் பூச்சுத் தரை, தெற்கே ஒரு ஜன்னல். சம்மணம் போட்டு உட்கார்ந்து பூண்டு உரிக்கலாம், படுத்துத் தூங்கலாம். வாடைக்காற்று அடங்கி, கடல் தெளிந்து, திரேஸ்புரத்து ஆட்கள் சங்கு குளிக்கக் கிளம்புகிற நாளில் அந்தத் தரை ஆழமாகிவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வைத்த பொருள் போய்விடும், அவ்வளவுதான். முதல் வருஷம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அவன் மனைவி விஜிலாவின் மிக்ஸியும் போயின. அடுத்த வருஷம் தையல் மெஷின். குண்டு கட்டிய கயிற்றை விட்டு அளந்து பார்த்தார்கள். ஒரு பாகம் என்பது ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். எட்டாவது பாகத்தில் குண்டு தட்டியது, அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. ஆனால் உள்ளே போன எதையும் மேலே ஏற்ற முடியவில்லை. கொக்கி போட்டுப் பார்த்தார்கள், வெறும் கொக்கிதான் வந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, கீழே இவ்வளவு இடம் இருக்கிற வீடு இந்த விலைக்குக் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜெனோ கட்டிட இன்ஜினியர். புது மரம் வாங்கமாட்டான். ஏரலில் ஒரு பழைய பலசரக்குக் கடையை இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடுவான். உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகளின் தேக்குச் சட்டங்கள், மாலத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்த தோணிகளின் பலகைகள், பழைய பங்களாக்களின் படிக்கட்டுகள் என்று ஊரில் யாருக்கும் வேண்டாத மரமெல்லாம் அவனுக்கு வேண்டும். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உப்புப் பூத்த இடத்தைக் கழுவி, நிழலில் உலர்த்தி, புன்னை எண்ணெய் தடவி, தச்சர் சுடலைக்கண்ணனிடம் கொடுப்பான். நூறு வருஷம் வெயிலும் உப்பும் தின்ற மரம் முறுக்க வேண்டியதையெல்லாம் முறுக்கி முடித்திருக்கும், இனி வெடிக்காது, கோணாது, அதற்காக ஒரு மரத்தையும் புதிதாக வெட்ட வேண்டாம், சிமெண்டும் கம்பியும் பாதிதான் ஆகும் என்று அவன் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் அவன் கட்டிக்கொடுத்த வீடுகளில் சித்திரை வெயிலிலும் ஏசி போடாமல் தூங்க முடிந்தது என்பதை அவனைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

சொந்த வீட்டுக்கு மரம் மாமியார் வீட்டிலிருந்து வந்தது. விஜிலாவின் அப்பா திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். கடலில் ஒன்றும் ஆகாமல், சர்க்கரை வியாதியில், கட்டிலில் போனார். அவருடைய வள்ளம் வீட்டுப் பக்கத்தில் ஓலை மூடிக் கிடந்தது. கறையான் தின்கிறதைவிட மகள் வீட்டில் இருக்கட்டும் என்றாள் மாமியார் அல்போன்சா. விஜிலாவின் அண்ணன் பவுலும் சரி என்றான். வள்ளத்தின் விளிம்புப் பலகையில் ஓரிடத்தில் கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு தடம் விழுந்திருந்தது. அல்போன்சாவின் கூடப்பிறந்த தம்பி, கீழே முங்கிப்போன அத்தானுக்குக் கயிறு பிடித்துப் பிடித்து, அந்தக் கயிறு அறுத்த தடம். இந்தக் கரையில் சங்குக்கும் முத்துக்கும் முங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பது. சொந்தத் தம்பியிடம் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் மேலே வராவிட்டால் தம்பிக்கு வள்ளமும் பங்கும் வந்துசேரும். மச்சானுக்கு வருவது தாலியில்லாத தங்கச்சி மட்டும்தான். அதனால் மச்சான் கை தளராது. இதில் பாசத்தைவிடக் கணக்குதானே அதிகம் என்று படித்தவர்கள் கேட்பார்கள். அவர்கள் எட்டுப் பாகம் கீழே போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தவர்கள் இல்லை.

தடம் விழுந்த அந்தப் பலகையைத் தோணிக்கட்டை இரண்டோடு சேர்த்து இறுக்கி, நடு அறைக்கு உத்திரமாகப் போட்டான் ஜெனோ. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, தடத்தை மேல் விளிம்பில் தெரிகிறமாதிரி வைக்கச் சொன்னான். உத்திரம் ஏற்றுகிற அன்று கயிறு பிடிக்க ஓர் ஆள் குறைந்தது. பவுலைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அப்பா வள்ளத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தால் மனுஷன் மனசு கஷ்டப்படுவானே என்று விட்டுவிட்டான். நல்லெண்ணம்தான். டவுனில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெனோவின் தம்பி கிளாட்வின் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். அவன் கையில் கயிற்றின் நுனியைக் கொடுத்தான். உத்திரம் பூப்போல ஏறி உட்கார்ந்தது. அல்போன்சா பாயாசத் தூக்குவாளியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, அண்ணாந்து பார்த்தாள்.

“கயித்த யாரு மாப்பிள்ள பிடிச்சா?”

“நம்ம கிளாட்வின்தான் மாமி.”

“ஒங்க தம்பியா?”

“இது வீடுதான மாமி. கடலா?”

அல்போன்சா சிலுவை போட்டுக்கொண்டாள். தூக்குவாளியை வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் திரும்பிப் போனாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பவுல் அன்று லீவு போட்டிருந்தான். காலையிலேயே முகம் மழித்து, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உச்சி சாய்ந்ததும் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தான். அன்றோடு ஜெனோவிடம் பேச்சை நிறுத்தினான். தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அப்பா வள்ளத்தை உடைத்த கோபம் என்று ஊர் சொன்னது. ஜெனோவும் அப்படித்தான் நினைத்தான்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது. அடுத்த மாசியில் நாற்காலி போனது. உத்திரத்தை எடுத்துவிடலாம் என்று விஜிலா சொல்லிப் பார்த்தாள். மாடியின் பாரம் முழுவதும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்தால் வீடே உட்கார்ந்துவிடும் என்று ஜெனோ பேப்பரில் படம் போட்டுக் காட்டினான். பிறகு பழகிவிட்டது. தை கடைசியில் அறையைக் காலி செய்வார்கள், கதவைப் பூட்டுவார்கள், சித்திரை பிறந்ததும் திறந்து கழுவிவிடுவார்கள். ஒரு பங்குனியில் பக்கத்து வீட்டு கிரேசியின் பூனை, காலையில் ஒரு மீன்தலையைக் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்து உள்ளே போய்விட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தானாகவே மேலே வந்தது. பூனைக்கு யாரும் கயிறு பிடிக்க வேண்டியதில்லை. வாயில் அதே மீன்தலை; அறுத்த இடத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை. கீழே ஒரு மூச்சு பிடித்து விடுவதற்குள் மேலே ஒரு பகல் போய்விடுகிறது என்று அதிலிருந்து எல்லாருக்கும் தெரிந்தது.

மார்கழியில் பெருவெள்ளம் வந்த வருஷம், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய சேற்றில் கடல் செம்மண் கரைசலாகக் கிடந்தது. மாசி முடிந்தாலும் தெளியாது என்று எல்லாரும் சொன்னார்கள், ஜெனோவும் நம்பினான். வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. உத்திரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, புன்னை எண்ணெய் போடவேண்டியிருந்தது. தை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நடு அறையில் ஏணியைப் போட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நைலான் கயிற்றை இடுப்பில் கட்டி, உத்திரத்தின் தடத்தில் போட்டு, மறு நுனியைப் பிடித்துக்கொள்ள யாரையாவது தேடினான். கிளாட்வின் அன்றைக்கும் வந்திருந்தான். அறையின் வாசற்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன் கையில் மறுபடியும் கயிற்றைக் கொடுத்தான். கடல் அன்று காலையில்தான் தெளிந்தது. திரேஸ்புரத்தில் முதல் வள்ளம் இறங்கிய அதே நேரத்தில் ஏணி சத்தமில்லாமல் தரைக்குள் போனது. ஜெனோ ஒரு முழு மூச்சை இழுத்ததை கிளாட்வின் பார்த்தான். அதற்குப் பிறகு தரை மட்டும்தான் இருந்தது, அதற்குள்ளிருந்து கயிறு நேராக உத்திரத்துக்கு ஏறி நின்றது.

கிளாட்வின் போட்ட சத்தத்தில் விஜிலா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். விஜிலா இழுத்தால் கயிறு தடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கியது. கிளாட்வின் இழுத்தால் கனமே இல்லை. மறுமுனையில் ஒருவரும் இல்லாததுபோல் கயிறு வந்துகொண்டே இருந்தது, ஆனால் எவ்வளவு வந்தாலும் முடியவில்லை. கதவுக் கொண்டியில் கட்டினார்கள், முடிச்சு தானாக அவிழ்ந்தது. தெருவில் பழைய சங்குகுளி ஆள் ஒருவர் இருந்தார். அவரும் வந்து பிடித்துப் பார்த்துவிட்டு, இது என் கை இல்லை என்று விலகிக்கொண்டார். அப்போது கயிறு இறுக ஆரம்பித்தது. அவசரமாக இல்லை, வெயில் ஜன்னலின் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நகர்கிற அளவு மெதுவாக இறுகி, அதே மெதுவில் தளர்ந்தது. அந்த ஆள்தான் சொன்னார், அது ஒரே ஒரு சுண்டு. கீழே இருக்கிறவன் வெடுக்கென்று ஒரு தடவை சுண்டியிருக்கிறான், தூக்கு என்று அர்த்தம். மூச்சு விளக்கு வைக்கிறவரைக்கும் தாங்கினால் பெரிய காரியம், அவன் முங்கிப் பழகினவன் இல்லை என்றும் சொன்னார். விஜிலா அடுப்பைக்கூட அணைக்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அவற்றின் இடுக்கில் புகுந்து, பழைய துறைமுகம் வழியாகத் திரேஸ்புரம் போய்ச் சேர்ந்தபோது பவுல் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தான். அத்தனை வருஷம் கழித்து அந்த வீட்டுப் படியேறியவள் உட்காரவில்லை.

“அண்ணே, ஒன் மச்சான் உள்ள போயிட்டாவ.”

பவுல் கண்ணைத் திறந்தான். அல்போன்சா உள்ளறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கயிறு யாரு கையில இருக்கு?” என்றான்.

“கிளாட்வின் கையில.”

“பின்ன என்ன? அன்னைக்கும் அவன்தான பிடிச்சான். இன்னைக்கும் அவனே பிடிக்கட்டும்.”

“அவன் கையில நிக்கல.”

“என் கையில நிக்கும்னு அன்னைக்கு எவனுக்கும் தெரியலியே. நான் ஊர்ல இல்லாமயா போனேன்? இந்தா இங்கனதான் இருந்தேன்.” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விஜிலாவுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கெஞ்சுவதற்கென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவில் இல்லை.

“சரி, வராத. பொழுது அடையதுக்குள்ள கோடிச் சேலை ஒண்ணு எடுத்துட்டு வந்துரு. தாலி அத்தவளுக்கு அத பொறந்த வீட்டுலதான் எடுக்கணும். அதுக்கு ஒன்ன விட்டா எனக்கு வேற ஆள் கெடையாது. அதுக்காவது வந்துரு.”

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய் ஸ்கூட்டரை எடுத்தாள். அல்போன்சா மகனின் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

விஜிலா திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. கிளாட்வின் அறை வாசற்படியில் காலை அகட்டி வைத்து, இரண்டு கையையும் மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் வியர்வை. உத்திரத்தில் கயிறு இல்லை. அவன் கையிலும் இல்லை. கனமே இல்லாத கயிறு எப்போது விட்டுப்போனது என்று அவனுக்கும் தெரியவில்லை, சுற்றி நின்றவர்களுக்கும் தெரியவில்லை. இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்றே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜிலா அவன் விரல்களைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் அவன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அண்ணன் சொத்துக்கு ஆசைப்பட்டவன் இல்லை அவன், நல்ல பையன். ஆனால் அந்தப் பலகைக்கு அதெல்லாம் தெரியாது, அதற்குத் தெரிந்தது முறை ஒன்றுதான்.

வெயில் ஜன்னலின் கடைசிக் கம்பிக்கு வந்துவிட்டது. கிரேசி மெழுகுவர்த்தி கொண்டுவந்தாள். விஜிலா அதை ஏற்றவிடவில்லை. அவள் படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. அடக்கி, முடியாமல் விட்டு, மறுபடியும் அடக்கினாள். உள்ளே இருக்கிறவனுக்கு இன்னும் அந்த முதல் மூச்சேதான். தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. கூட்டம் விலகியது. பவுல் வந்தான். கோயிலுக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தான், முகம் மழித்திருந்தான், அவசரத்தில் தாடையில் ஓரிடத்தில் வெட்டி ரத்தம் வந்திருந்தது. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மடித்த சேலை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

விஜிலா பொட்டலத்தைப் பார்த்தாள். சொன்னபடியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தாள். அதைப் பிடுங்கக் கையை நீட்டிக்கொண்டு எழுந்தாள். பவுல் அவளைத் தாண்டிப் போய் வாசற்படியில் நின்றான். பேப்பரைப் பிரித்தான். பழுத்து மஞ்சளாகிப் போன பேப்பர். பிரிக்கப் பிரிக்கத் துண்டு துண்டாக உதிர்ந்தது. உள்ளே இருந்தது புதுக் கயிறு. பீச் ரோட்டுக் கடையில் கட்டிக்கொடுத்த சணல்கூட இன்னும் அவிழ்க்காமல் இருந்தது.

“உத்திரம் ஏத்துத அன்னைக்கு வாங்குனது,” என்றான், யாரையும் பார்க்காமல். “ஒரு வார்த்த கூப்பிடுவான்னு பாத்தேன்.”

சணலைப் பல்லால் கடித்து அறுத்து, கயிற்றை வீசி உத்திரத்தின் மேல் போட்டான். பழைய செருப்பில் கால் நுழைவதுபோல அது தடத்தில் போய் உட்கார்ந்தது. கையை விரித்து விரித்துப் பாகம் அளந்து விட்டான். எட்டு போனதும் நிறுத்தி, நுனியை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலைப் படியில் ஊன்றிக் காத்திருந்தான். கயிறு ஆடவில்லை. கம்பியிலிருந்து வெயில் சுவருக்குப் போனது, சுவரிலிருந்தும் போய்விட்டது. பக்கத்து வீடுகளில் லைட் போட்டார்கள். விஜிலா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்க்கவில்லை, அவன் கைகளை மட்டும் பார்த்தாள். ஊர்ப்பட்ட சரக்கையெல்லாம் கிரேனில் தூக்கி இறக்குகிற கைகள். அவற்றில் ஒரு நரம்பு லேசாகப் புடைத்தது.

“இருக்கான்,” என்றான் பவுல்.

இழுக்க ஆரம்பித்தான். அன்றுவரை யார் கையிலும் வராத கனம் அந்தக் கயிற்றில் வந்தது. உத்திரம் முனகியது, மாடிச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கிளாட்வின் உதவிக்கு எழுந்தான். பவுல் முழங்கையால் தள்ளிவிட்டான். ஒவ்வொரு பாகமாகக் கயிறு நனைந்து வந்து படியில் சுருண்டது. கடைசிப் பாகத்தில் தரையிலிருந்து முதலில் ஒரு கை வந்தது, கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தது, பிறகு தலை. ஜெனோ காலையில் இழுத்த மூச்சைப் படியில் கிடந்து விட்டான். உதடெல்லாம் நீலம். அடுத்த மூச்சை இழுக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது, அதுவரைக்கும் விஜிலா அவன் நெஞ்சில் அறைந்துகொண்டே இருந்தாள். கண் தெளிந்ததும் அவன் முதலில் பார்த்தது படியில் சிதறிக்கிடந்த மஞ்சள் பேப்பர்த் துண்டுகளை. ஒன்றை எடுத்து அதில் போட்டிருந்த தேதியைப் படித்தான். உத்திரம் ஏற்றிய தேதி. அவன் பவுலின் முகத்தைப் பார்க்க ரொம்பக் கூச்சப்பட்டான்.

“மச்சான், நான் என்ன நெனச்சேன்னா…” என்றான்.

“ஒண்ணும் நெனைக்காத. தலையத் தொவட்டு,” என்றான் பவுல்.

அதற்குப் பிறகும் அந்த அறை மாசி பங்குனியில் எட்டுப் பாகம் ஆழமாகத்தான் இருக்கிறது. யார் கயிறு பிடித்தாலும் ஆழம் ஆழம்தானே. ஜெனோ பழைய மரத்தில் வீடு கட்டுவதை விடவில்லை. கடலுக்குப் போய்வந்த மரமென்றால் மட்டும், வீட்டுக்காரரிடம் உங்கள் மனைவிக்கு உடன்பிறந்தான் இருக்கிறானா, பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கிறான். இல்லை என்றால் கதவுநிலைக்கு மட்டும்தான் கொடுப்பான், உத்திரத்துக்குக் கொடுப்பதில்லை. இப்போது டவுனில் பழைய மரக்கடைக்காரர்களும் இதைக் கேட்கிறார்கள். திருச்செந்தூரில் லாட்ஜ் கட்டுகிற ஒருவர், மைத்துனனோடு இருந்த பழைய கேஸை வாபஸ் வாங்கிவிட்டு வந்து தோணிக்கட்டை வாங்கிப் போனார். அறைக்குள் போன சாமான்களை ஜெனோவே முங்கி வருஷத்துக்கு ஒன்றாக மேலே கொண்டுவருகிறான். தையல் மெஷினுக்கு எண்ணெய் மட்டும் போடவேண்டியிருந்தது. ஏணி வந்துவிட்டது. இந்தப் பங்குனியில் மிக்ஸி. கடல் தெளிந்த அன்று காலையிலேயே பவுல் முகம் மழித்து வந்துவிடுவான். மச்சானும் மச்சானும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மேலே இருந்து ஒரு சுண்டு, கீழே இருந்து ஒரு சுண்டு, அவ்வளவுதான் பேச்சு. விஜிலா டீ கொண்டுவந்து கொடுத்தால் பவுல் டம்ளரை இடது கையில் வாங்கிக் குடிப்பான். வலது கை கயிற்றில் இருக்கும்.